நூதனசாலையும் நம் சிறாரும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமயச் சொற்பொழிவுகளுக்கு நடுவே விலங்குகளின் எலும்பைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். பொருத்தமில்லாத பேச்சென்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் மன்றத்தின் ஞாயிறு வகுப்புச் சிறுவரை ஆண்டுதோறும் கொழும்புக்குச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். இவ்வாண்டும் அதற்கெனப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் எவ்வாறு செலவாக வேண்டும் என்பதிலே எமக்கொரு கருத்து உண்டு. அதனைச் சொல்லுமுன், நூதனசாலை என்பது சிறுவருக்கு எதனைக் கற்பிக்க வல்லது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சென்ற மாதம் ஞாயிறு வகுப்பிலே சிறுவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "பசுவின் மேல்வாயில் முன்பற்கள் எத்தனை?" என்பதே கேள்வி. எட்டு என்றார் சிலர். ஆறு என்றார் சிலர். ஒன்றுமே இல்லை என்பதுதான் சரியான விடை. பசுவுக்கும் ஆட்டுக்கும் மேல்வாயின் முற்புறத்திலே பல் கிடையாது. தடித்த மெத்தை போன்ற ஈறுதான் உண்டு. கீழ்ப்பற்களால் புல்லை அந்த ஈற்றோடு அழுத்திப் பிடித்து இழுத்து அறுக்கிறது பசு. விடை சொன்ன பிள்ளைகளில் அநேகர் வீட்டிலே பசு நிற்கிறது. காலையும் மாலையும் வைக்கோல் போடுகிறார்கள். கோயிலுக்குப் போனால் நந்தியை வலம் வருகிறார்கள். சோதனைக்காக "பசு ஒரு தாவரவுண்ணி, அது ஒரு முலையூட்டி" என்று கொப்பியிலே எழுதியும் வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை.

இது பிள்ளைகளின் குற்றமன்று. எழுதிப் படிப்பதே படிப்பு என்று நாம் பழக்கிவிட்டோம். (முலையூட்டி என்பதா, தமிழ்நாட்டார் சொல்வதுபோலப் பாலூட்டி என்பதா என்று நாம் வாதிடும் அளவுக்குக்கூட அந்தப் பிராணியின் வாயை நோக்குவதில்லை.) இக்குறையைத் தீர்ப்பதற்கு நூதனசாலையை விட நல்ல இடம் வேறில்லை. அங்கே எலும்பு இருக்கிறது. அது அசையாது, கடிக்காது, ஓடாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

எலும்பைப் பார்த்து என்ன அறியலாம் என்று கேட்கிறீர்களா? பல்லைப் பார்த்தால் உணவு தெரியும். கண்குழி முன்னோக்கியிருக்கிறதா பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்தால், அது வேட்டையாடும் பிராணியா, வேட்டைக்கு அஞ்சும் பிராணியா என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். காலைப் பார்த்தால் நடை தெரியும். குதிரையின் காலெலும்பைப் பிள்ளைக்குக் காட்டி, நம் கையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். குதிரை நிற்பது ஒரே விரலின் நுனியிலே. குளம்பு என்பது அந்த விரலின் நகம். முழங்கால் என்று நாம் நினைக்கும் முன்னங்கால் மூட்டு, உண்மையில் அதன் மணிக்கட்டு. இதனை ஒரு முறை கண்ட பிள்ளை, திருவிழாவிலே குதிரை வாகனம் வரும்போது அதன் காலைத்தான் முதலில் பார்க்கும்.

ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலே எத்தனை முள்ளென்புகள்? ஏழு. மனிதன் கழுத்திலும் ஏழு. சுண்டெலிக்கும் ஏழே. ஒவ்வொரு பிள்ளையும் தலையைச் சற்றுக் குனிந்து பின்கழுத்தின் அடியைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் முனைப்பு, பெரும்பாலும் அந்த ஏழாவது என்புதான். திமிங்கிலத்தின் துடுப்பைப் பாருங்கள். வெளியே மீனின் செட்டை போன்றது. உள்ளே மேற்கைக்கு ஓரென்பு, முன்கைக்கு ஈரென்பு, பின்னர் மணிக்கட்டு, விரல்கள். நம் கையின் அமைப்பேதான். இடுப்புப் பக்கத்திலே, முதுகெலும்போடு ஒட்டாமல், இரண்டு சிறிய என்புகள் தனியே கிடக்கும். நிலத்திலே நான்கு காலில் நடந்த முன்னோரிடமிருந்து வந்த பிராணி அது என்பதற்கு அவையும் ஒரு சான்று. கூர்ப்பு என்ற சொல்லைப் பலகையிலே எழுதிப் பொருள் விளக்கப் போனால் ஒரு பாடவேளை போய்விடும், இந்த இரண்டு என்புகளின் முன்னே பிள்ளையை நிறுத்தினால், "நீந்துகிற மிருகத்துக்கு இடுப்பெலும்பு ஏன்?" என்று அதுவே கேட்டுவிடும்.

யானையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டிலே யானையைக் காணாத பிள்ளை இல்லை. கண்டி தலதா மாளிகையின் பெரஹராவிலே பேழை சுமந்த ராஜா என்னும் கொம்பன் யானை 1988இல் இறந்தது. அதனைப் பாடம்பண்ணி அங்கேயே வைத்திருக்கிறார்கள். கம்பீரமான காட்சிதான். ஆனால் தோல் கண்ணுக்கு விருந்தேயன்றி, உள்ளிருப்பதைச் சொல்லாது. யானையின் மண்டையோட்டைப் பார்த்தவர்கள் முதலில் திடுக்கிடுவார்கள். நெற்றியின் நடுவே பெரிய துவாரம் ஒன்று, ஒற்றைக் கண் போலத் தோன்றும். அது தும்பிக்கைக்குரிய மூக்குத் துவாரம். கிரேக்கரின் பழங்கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கர், பழைய யானை மண்டையோடுகளைக் கண்டவர் கற்பனையிலே பிறந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதியதும் உண்டு. அதன் கடைவாய்ப்பல்லும் வியப்புக்குரியது. நமக்குப் பல் விழுந்தால் கீழிருந்து முளைக்கும். யானைக்கோ பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளிக்கொண்டு வரும். தேய்ந்தது முன்னால் உடைந்து விழும். வாழ்நாளிலே ஆறு முறை இவ்வாறு வரும். ஆறாவதும் தேய்ந்தபின் முதிய யானையால் உணவை அரைக்க முடியாது.

இனி, மறைந்துபோன உயிர்களுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு டைனோசர் என்றால் போதும், சோறும் வேண்டாம். சினிமாவிலும் பிளாஸ்ரிக் பொம்மையிலும் கண்ட மயக்கம். அந்த மயக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆர்வம் எவ்வழியில் வந்தாலும் நல்லதே. ஆனால் ஆதிகால உயிரைத் தேடி அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டும் என்று பிள்ளை நினைத்துக்கொள்வது சரியன்று. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. கிணறு வெட்டும்போது கிளம்பும் கல்லை உடைத்துப் பாருங்கள்; சிப்பியின் அச்சு, சங்கின் அச்சு, பவளத்தின் அச்சு காணலாம். மயோசீன் என்ற காலத்துக் கடலடியிலே படிந்த கல் அது. அக்காலம் இற்றைக்கு ஏறத்தாழ 23 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. நாம் தண்ணீர் அள்ளும் கிணற்றின் சுவரே ஒரு நூதனசாலைதான்.

தெற்கே இரத்தினபுரிப் பக்கம் போனால் வேறொரு காட்சி. மாணிக்கக்கல் தோண்டுவோர் ஆழத்திலே 'இல்லம்' என்று வழங்கும் பருக்கைக்கல் படையைத் தேடித் தோண்டுகிறார்கள். அந்தப் படையிலே கல்லோடு கல்லாக எலும்பும் பல்லும் கிடைத்தன. தொழிலாளருக்கு அவை வேண்டாத பொருள். 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் அதிபராயிருந்த பி. ஈ. பி. தெரணியகலை அவர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தார். அவற்றிலிருந்து தெரியவந்தது யாது? இந்நாட்டிலே ஒரு காலத்தில் நீர்யானை வாழ்ந்தது. காண்டாமிருகம் வாழ்ந்தது. சிங்கமும் வாழ்ந்தது. இன்று இம்மூன்றும் இங்கே காட்டில் இல்லை. சிங்கத்துக்குச் சான்று குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த இரண்டு பற்கள். அவற்றைக் கொண்டு 1939இல் அந்தச் சிங்கத்துக்கு அவர் தனிப்பெயர் இட்டார். (கொடியிலுள்ள சிங்கத்தைப் பற்றிப் பேச வரவில்லை, அது வேறு விஷயம்.)

பல்லைக் கொண்டு சிங்கம் என்று எப்படிச் சொல்வது? இதுதான் பிள்ளை கேட்கவேண்டிய கேள்வி. ஊனுண்ணிகளின் கடைவாயிலே கத்தரிக்கோலின் அலகு போன்ற பல் ஒன்று மேலும் கீழும் உண்டு. இறைச்சியை வெட்டுவதற்கு அமைந்தது. பூனையின் வாயிலும் அதனைக் காணலாம். அதன் பருமனும் மேடுபள்ளங்களும் இனத்துக்கு இனம் வேறுபடும். புலியோடும் சிறுத்தையோடும் அதனை வைத்து ஒப்பிட்டு நோக்கியே முடிவு சொல்லுகிறார்கள். ஒப்பிடுவதற்கு மற்ற விலங்குகளின் பற்கள் ஓரிடத்திலே சேர்ந்திருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் நூதனசாலை.

இவ்வாறு ஒப்பிட்டு நோக்குதல் எளிதன்று என்பதற்கு இங்கிலாந்திலே நிகழ்ந்த ஒரு வரலாற்றைச் சற்று நீட்டிச் சொல்ல விரும்புகிறோம். நாம் வாசித்தவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்தது இது.

சசெக்ஸ் மாகாணத்தின் லூயிஸ் நகரிலே கிடியன் மன்ரெல் என்றொரு வைத்தியர் இருந்தார். நோயாளரைப் பார்த்த நேரம் போக மிகுதி நேரமெல்லாம் கல்லுடைக்கும் குழிகளிலே சுற்றுவார். 1822ஆம் ஆண்டளவில் அவர் கைக்குச் சில விசித்திரமான பற்கள் வந்தன. இலை தின்னும் பிராணியின் பல் போலத் தேய்ந்திருந்தன. ஆனால் கிடைத்த கல்லோ மிகப் பழையது. பாரிசிலிருந்த குவியே, அக்காலத்து உடற்கூற்று அறிஞர்களுள் தலையாயவர். அவரிடம் பல் போயிற்று. காண்டாமிருகத்தின் பல் என்று முதலிலே அவர் கருதினார். மன்ரெல் மனம் ஒப்பவில்லை. இலண்டன் சத்திர வைத்தியர் கல்லூரியின் நூதனசாலைக்குப் போய், அங்கிருந்த தாடைகளோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தியது ஒன்றுமில்லை. அங்கே கடமையாற்றிய சாமுவேல் ஸ்ரச்பரி என்ற இளைஞர், தாம் அண்மையிலே பாடம்பண்ணிய இகுவானா என்னும் அமெரிக்கப் பல்லியின் பல்லை எடுத்துக் காட்டினார். உடும்பளவு பிராணி அது. பல்லின் உருவம் ஒத்திருந்தது. பருமன் மட்டும் பன்மடங்கு. 1825இல் மன்ரெல் தம் பிராணிக்கு இகுவானோடன், அதாவது இகுவானாப் பல்லன், என்று பெயரிட்டார். குவியேயும் தம் முதற்கருத்தை மாற்றிக்கொண்டார்.

பிறகு நடந்ததுதான் பிள்ளைகளுக்கு இனிக்கும். பல் இத்தனை மடங்கானால் உடலும் அத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டார் மன்ரெல். நீளம் 18 மீற்றர் வரை வந்தது. கூர்மையான என்பு ஒன்றும் கிடைத்திருந்தது. அதனைக் காண்டாமிருகத்தின் கொம்பு போல மூக்கிலே வைத்தார்கள். 1842இல் றிச்சட் ஓவன் இத்தகைய பேருயிர்களுக்கு டைனோசர் என்ற இனப்பெயரை வகுத்தார். 1854இல் இலண்டனுக்குத் தெற்கே சிடனாமிலே பளிங்கு மாளிகைப் பூங்கா திறக்கப்பட்டபோது, வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்ற சிற்பி செங்கல்லாலும் இரும்பாலும் சீமெந்தாலும் இப்பிராணிகளை முழுவுருவில் செய்து நிறுத்தினார். மறைந்த உயிர்களை மக்கள் காண முழுவுருவிலே செய்துவைத்த முதல் முயற்சி அதுவே. இகுவானோடன் அங்கே நான்கு தடித்த கால்களில், மூக்கிலே கொம்போடு, காண்டாமிருகம் போல நிற்கிறது. அந்த உருவம் செய்யும்போது 1853 டிசெம்பர் 31ஆம் நாள் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு அறிஞர்களுக்கு இராவிருந்து வைத்தார்கள்!

1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் என்ற ஊரிலே நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீற்றர் ஆழத்திலே, இகுவானோடன்களின் முழு என்புக்கூடுகள் முப்பதுக்கு மேல் அகப்பட்டன. அப்போது உண்மை வெளியாயிற்று. மூக்குக் கொம்பு மூக்கிலே இல்லை, கையிலே இருந்தது. அது பெருவிரல்! நீளமும் ஏறத்தாழ 10 மீற்றர்தான். லூயி டொலோ என்ற அறிஞர் 1882இல் முதலாவது கூட்டைப் பொருத்தி நிறுத்தினார். கங்காரு போல வாலை ஊன்றிப் பின்காலில் நிமிர்ந்து நிற்கும்படி நிறுத்தினார். ஏறத்தாழ நூறாண்டு உலகம் அதனை ஒப்புக்கொண்டது. 1980இல் டேவிட் நோர்மன் என்பவர் மீண்டும் ஆராய்ந்தார். வாலை நெடுக விறைப்பான நாண்கள் என்பாகி இறுகியிருந்தன. டொலோ நிறுத்தியவாறு வளையவேண்டுமானால் அந்த வால் முறியவேண்டும். ஆகவே உடலைக் கிடையாக வைத்து, வாலை நிலத்திற் படாமல் நீட்டி நடந்த பிராணி என்பது துணிபு. பிரஸ்ஸல்ஸ் நூதனசாலையார் பழைய கூடுகளைக் கழற்றவில்லை. பெரிய கண்ணாடி அறைக்குள் அந்தப் பழைய நிலையிலேயே இன்றும் வைத்திருக்கிறார்கள். பிழையான நிலை என்று தெரிந்தே, அறிவு வளர்ந்த வழியைக் காட்ட வைத்திருக்கிறார்கள். சிடனாமிலும் மூக்குக் கொம்பன் அப்படியே நிற்கிறான்.

மூக்கிலிருந்த கொம்பு கைக்கு இறங்கியது எப்படி என்று கதை கேட்ட பிள்ளை, "பெரியவர்களும் பிழை விடுவார்களா?" என்று கேட்கும். விடுவார்கள் என்று சொல்லவேண்டும். பிழையைக் கண்டவர் எதைக் கொண்டு கண்டார் என்பதையும் சொல்லவேண்டும். நம் வகுப்பறைகளிலே விஞ்ஞானம் முடிந்த முடிபாக வந்து சேருகிறது. கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் எழுதி, கொப்பியில் இருப்பதைச் சோதனைத்தாளில் எழுதுகிறோம். அந்த வட்டத்துக்குள் மூக்குக் கொம்புக்கு இடமில்லை. ஆகையால் அதனைத் திருத்தும் மனத்துக்கும் இடமில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். பெரிய நூதனசாலைகளிலே நிற்கும் என்புக்கூடுகள் பல மெய்யான என்பல்ல. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் 1905இல் திறந்துவைக்கப்பட்டு உலகப் புகழ்பெற்ற டிப்ளோடோக்கஸ், 26 மீற்றர் நீளமானது, 292 என்புகள் கொண்டது. அத்தனையும் பாரிசுச் சாந்து வார்ப்பு. அமெரிக்கச் செல்வர் அன்ட்ரூ கார்னெகி வழங்கியது. அதன் வாலும் முதலில் நிலத்திலே இழுபட்டது, 1993இல் உயர்த்தினார்கள். 2017இல் அது நின்ற மண்டபத்திலே 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய நீலத்திமிங்கிலத்தின் மெய்யான என்புக்கூட்டைத் தொங்கவிட்டார்கள். சாந்து என்று தெரிந்தால் பிள்ளையின் முகம் வாடும் என்று சிலர் மறைப்பதுண்டு. மறைத்தல் தகாது. வார்ப்பு எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டினால் வாட்டம் தீரும்; மண்ணிலே ஒரு சிப்பியை அழுத்தி எடுத்து, அந்தக் குழியிலே சாந்தை ஊற்றினால் போதும்.

மன்ரெல் பல்லைக் கையிலே வைத்துப் பார்த்தே அதனை அறிந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தால் அது நடந்திருக்குமா என்பது ஐயமே. வடஇங்கிலாந்தின் சண்டர்லண்ட் நூதனசாலைக்குப் பொறுப்பாயிருந்த சாள்ற்றன் டீஸ் என்பவர் 1913இல் ஒரு காரியம் செய்தார். பார்வையற்ற சிறுவரை நூதனசாலைக்கு அழைத்து, பாடம்பண்ணிய விலங்குகளைத் தொட்டுத் தடவி அறிய விட்டார். பின்னர் அவர்கள் தாம் தடவி அறிந்ததைக் களிமண்ணிலே உருவாக்கினார்கள். படத்திற் கண்டறியாத விலங்கு, விரலின் வழியே அவர்கள் மனத்திலே புகுந்தது. கண்ணுள்ள நம் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியின் முன்னே ஒரு நிமிஷம் நின்று, "போங்கோ, போங்கோ, அடுத்தது பாருங்கோ" என்று துரத்தப்படுவதை நினைத்துப் பார்த்தோம். யார் பார்த்தவர், யார் பாராதவர் என்று சொல்லத் தெரியவில்லை.

இனிப் பெரியோர்களின் உள்ளத்திலே எழக்கூடிய கேள்விக்கு வருகிறோம். கோடிக்கணக்கான ஆண்டு, கூர்ப்பு, குரங்கு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தால் சமயம் என்னாவது? மிஷன் பாடசாலையிலே படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. அங்கிருந்த பழைய வேதாகமம் ஒன்றின் ஓரத்திலே உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று அச்சிட்டிருந்ததைக் கண்டிருக்கிறோம். அயர்லாந்துப் பேராயர் அஷர் கணித்த கணக்கு அது. அந்தக் கணக்கைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து விலகியவர்களுள் பாதிரிமாரும் உண்டு என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். 1824இல் முதல் டைனோசர்களுள் ஒன்றை விவரித்த வில்லியம் பக்லண்ட் திருச்சபைக் குருவே.

நமக்கு அந்தச் சங்கடம் இல்லை என்று நம்மவர் மகிழ்வர். பிரமாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயதோ ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்கிறது விஞ்ஞானம். பார்த்தீர்களா என்று மேடைகளிலே முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். மச்சம், கூர்மம், வராகம் என்று அவதார வரிசையே கூர்ப்பின் வரிசை என்போரும் உளர். எமக்கு இதில் உடன்பாடில்லை. கற்பக் கணக்கு கல்லை அளந்து பெற்றதன்று. அவதாரம் விலங்கியல் பாடமுமன்று. இறைவன் அடியார்க்கிரங்கி எடுத்த திருவுருவை உயிரின அட்டவணையாக்கினால் சமயமும் குறைபடும், பிள்ளையின் அறிவும் குறைபடும். நம் முன்னோர் காலத்தைப் பெரிதாக நினைக்க அஞ்சவில்லை என்பது பெருமைதான். அந்தப் பெருமை போதும்.

பெருங்காலத்தைப் பிள்ளைக்கு எண்ணால் உணர்த்த முடியாது. கோயில் வெளிவீதியிலே ஒரு கயிற்றை இழுத்துக் காட்டலாம். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கப் புலவர் காலம் இரண்டு மில்லிமீற்றர்; நகத்தால் கிள்ளும் அளவு. மனித இனம் தோன்றி ஏறத்தாழ முப்பது சென்ரிமீற்றர். ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. நம் கிணற்றுச் சிப்பிகள் ஐந்து மீற்றர் முதல் இருபத்துமூன்று மீற்றருக்குள். டைனோசர்கள் மறைந்த இடம் அறுபத்தாறு மீற்றர். இகுவானோடன் நடந்தது ஏறத்தாழ நூற்றிருபத்தைந்தாவது மீற்றர். அநேகமாகத் தேர்முட்டிக்கு அப்பால் போய்விடும். கயிற்றின் முனையிலே ஒரு பிள்ளையும் மறுமுனையிலே இன்னொரு பிள்ளையும் நின்று ஒருவரையொருவர் கூவி அழைக்கட்டும்.

யாளியையும் இதற்குப் பயன்படுத்தலாம். கோயில் தூணிலே சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்டு நிற்கும் யாளியை நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். குவியேயைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மாணவர் ஒருவர் பிசாசு வேடம் பூண்டு நள்ளிரவிலே வந்து, "உன்னைத் தின்னப் போகிறேன்" என்றாராம். குவியே கண் விழித்து, "கொம்பும் குளம்பும் இருக்கிறது, நீ புல்லுத் தின்னி, என்னைத் தின்ன மாட்டாய்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தாராம். உடலின் ஒரு பாகம் மற்றப் பாகங்களோடு இயைந்தே இருக்கும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைப்படி, யாளியின் எந்த உறுப்பு எந்த விலங்குக்குரியது, இந்த நகத்துக்கு எத்தகைய பல் வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சிற்பி விலங்கியல் தெரியாதவன் என்பது இதன் கருத்தன்று. ஒவ்வோர் உறுப்பையும் செவ்வையாக நோக்கியவனாலேதான் அவற்றை இப்படிக் கலந்து செதுக்க முடியும்.

சுற்றுலா விஷயத்துக்கு வருவோம். இதுவரை நாம் செய்து வந்தது யாது? விடியற்புறம் பஸ்ஸிலே ஏற்றி, ஒரே நாளில் கோயில், நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல் எல்லாம் காட்டி, நள்ளிரவிலே தூக்கக் கலக்கத்தோடு இறக்கி விடுகிறோம். நூதனசாலைக்கு முக்கால் மணி. பிள்ளைகளுக்கு நினைவிருப்பது ஐஸ்கிறீம். எமது வேண்டுகோள் இது: இவ்வாண்டு கோயிலும் நூதனசாலையும் மட்டும் போதும். சிறுவர் பன்னிருவருக்கு ஓர் இளைஞராகப் பிரித்துப் போவோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே விலங்கைத் தெரிந்தெடுத்து, அதன் முன்னே அமர்ந்து பென்சிலால் படம் வரையட்டும். கை வரைந்தால் கண் கூர்மையாகும். படம் அழகாக வரவேண்டும் என்பதில்லை. மூன்று கேள்வி மட்டும்: எதைத் தின்றது? எப்படி நடந்தது? உனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது கேள்விக்கே அதிக புள்ளி. திரும்பி வந்தபின் வாசிகசாலையிலே அந்தப் படங்களைத் தொங்கவிடுவோம்.

போகுமுன் பழக்குவதற்கு மன்றத்துக்கென ஓர் எலும்புப் பெட்டி வேண்டும். மாட்டு மண்டையோடு ஒன்று, ஆட்டுத் தாடை ஒன்று, கோழியின் கால், மீன் முள்ளந்தண்டு, கிணற்றுக் கல்லில் பதிந்த சிப்பி. செலவு மிகச் சிறிது. இங்கேதான் தடை வரும் என்பதை அறிவோம். சைவ ஆசாரமுள்ள வீடுகளிலே எலும்பைத் தீண்டுவது கூடாது; மண்டபத்துக்குள் கொண்டுவரலாமா என்று ஒரு பெரியவர் ஏற்கெனவே கேட்டார். கேட்டது நியாயமே. ஆனால் மயிலாப்பூரிலே சிவநேசச் செட்டியார் தம் மகளின் என்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்திலே காத்துவந்தார் என்றும், ஞானசம்பந்தப் பெருமான் அந்தக் குடத்தின் முன்னின்று பதிகம் பாடப் பூம்பாவை எழுந்தாள் என்றும் பெரியபுராணத்திலே படிக்கிறோம். அது திருவருள். அதனோடு எமது பெட்டியை ஒப்பிடத் துணியவில்லை. என்பென்றால் அருவருப்பு ஒன்றே நம் மரபு என்று யாரும் எண்ணவேண்டாம் என்பதற்காகவே சொன்னோம். எம்பெருமானும் என்புமாலை அணிந்தவரே.

ஆயினும் மண்டபத்துக்குள் கொண்டுவர மாட்டோம். வாசிகசாலையின் பின் விறாந்தையிலே பெட்டி இருக்கும். தொட்ட பிள்ளைகள் கிணற்றடியிலே சவர்க்காரமிட்டுக் கை கழுவிய பின்னரே உள்ளே வருவார்கள். வீட்டிலே விருப்பமில்லாத பிள்ளை தொடவேண்டியதில்லை. பக்கத்திலே இருந்து வரையலாம். மாட்டு மண்டையோடு வெளிவயலிலே வெயிலில் வெளுத்துக் கிடந்தது. எடுத்துச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்திருக்கிறோம். மேல்வாயிலே முன்பல் இல்லாததை அதிலே நன்றாகக் காணலாம். பெட்டியைச் செய்து தர அயலூர்த் தச்சர் ஒருவர் கூலியின்றி முன்வந்திருக்கிறார். கண்ணாடி மூடி போடவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.